ஆடியில் திறந்த கடை

ஜூலை 20

இது போன வருடத்து டைரி. அத்தானின் லாரி ஆபீஸில் மிஞ்சியதை அக்கா கொண்டுவந்து கொடுத்தாள். தேதி சரியாக இருக்கிறது, கிழமைதான் பொய் சொல்கிறது. கிழமைகளை அடித்துவிட்டு எழுதுகிறேன். பழைய துணிக் கடை வைக்கப் போகிற வீட்டில் டைரி மட்டும் புதுசாக இருந்தால் நன்றாகவா இருக்கும்?

ஆமாம், கடை. அபி அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அம்மா கையிலிருந்த ரசக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"பழைய துணியா? ஊரான் உடுத்துனதையா?"

"துவைச்சு, கிழிசல் தெச்சு, இஸ்திரி போட்டு விக்கிறதும்மா. சென்னை, பெங்களூருல எல்லாம் இதுக்கு க்யூல நிக்கிறாங்க. ஒரு ஜீன்ஸ் பேன்ட் செய்ய எவ்ளோ தண்ணி செலவாகுது தெரியுமா?"

"உறையூர்ல நமக்கே ரெண்டு நாளைக்கு ஒரு தடவதான் தண்ணி வருது. நாம எங்க ஜீன்ஸ் செய்யுறது?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"ஆடியில எவளாவது கடை தொறப்பாளாடி?" என்றாள் அம்மா.

"ஆடியிலதானம்மா நான் இங்க இருக்கேன்."

தை மாதம் கல்யாணமாகி நாமக்கல் போனவளை, புதுப்பெண் என்று ஆடிக்கு அழைத்துவந்திருக்கிறோம். ஆடிக்கு அழைப்பது, ஆவணியில் திருப்பி அனுப்புவது, இரண்டும் சேர்ந்ததுதான் வழக்கம். அக்கா முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பதினோராம் வகுப்பு படிப்பவள் எதைக் கேட்டாலும் "போய்ப் படி" என்ற ஒரே பதில்தான் இந்த வீட்டில் ஸ்டாக் இருக்கிறது.

ஜூலை 23

சொக்கலிங்கம் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அப்பா போனபிறகு நாங்கள் இருப்பது அவர் வீட்டில். அதனால் அவர் வரும்போது எங்கள் வீட்டுக்கு நாங்களே விருந்தாளி ஆகிவிடுவோம். தெருவைப் பார்த்த முன்னறையில் அவர் ஒருகாலத்தில் போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். அதைத்தான் அக்கா கேட்கிறாள்.

மாமா வெற்றிலையை மென்று முடிக்கும்வரை தீர்ப்பைத் தள்ளிவைத்தார்.

"தலைதீபாவளி வரைக்கும் பாரு. கடை நின்னுச்சுன்னா நீ இங்கயே இரு, நான் மாப்பிள்ளைட்ட பேசுறேன். இல்லன்னா அவரோட மரியாதையா வண்டி ஏறணும். அப்புறம் மூக்கச் சிந்திட்டு நிக்கக் கூடாது."

"நின்னாலா, நின்னு போனாலா மாமா?" என்றேன்.

"இந்த வாய்க்கு ஒரு மாமியார் வருவா பாரு" என்றார். அக்கா மட்டும் கண்ணால் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஆறு மாதம் இருக்கும்.

ஜூலை 28

கடைக்குப் பெயர் தேடும் படலம். என் சிபாரிசுகள்: கந்தல் பவன். உடுத்தி முடிச்சாச்சு ஸ்டோர்ஸ். பழசும் பாழும். எல்லாவற்றையும் நிராகரித்து அக்கா 'மறுமடி' என்று வைத்தாள். ஒருமுறை பிரித்த துணியை மறுபடி மடித்து வைப்பதாம். பரவாயில்லை, பி.எஸ்ஸி. ஆடை வடிவமைப்பு படித்தவளுக்கு அந்த அளவு கவிதை வரத்தான் செய்யும்.

இந்த வேக்காட்டில் அவள் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாள். "என்னக்கா, ஊட்டிக்குக் கிளம்பிட்டியா?" என்றேன். "இது ஃபேஷன்டி" என்றாள். நாமக்கல் ஃபேஷன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஆடியிலேயே நல்ல நாள் இது ஒன்றுதான் என்று அம்மா இறங்கிவந்ததால் இன்று திறப்பு விழா. ஊரே முளைப்பாரியும் காதோலையுமாகக் காவிரிக்குப் போயிருந்தது. எங்கள் கடைக்கு முதலில் வந்தது ஒரு மாடு. வெளியே தொங்கவிட்ட துப்பட்டாவை அரை முழம் தின்றுவிட்டுப் போனது.

"பாத்தியா, சுத்தமான காட்டன்" என்றாள் அக்கா. அவளும் ஜோக் அடிக்கிறாள்! நாட்டில் மழை பெய்யும்.

ஆகஸ்ட் 6

கூட்டம் வந்தது. வாங்க இல்லை, போட. தெருப் பெண்கள் பைபையாகப் பழைய துணியைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு நின்றார்கள். நாங்களும் நின்றோம்.

"எங்க?" என்றார் பால்பூத் அம்மா.

"என்னங்க எங்க?"

"பக்கெட்டு. இவ்ளோ துணி போட்டிருக்கேன், ஒரு பெரிய பக்கெட்டும் மக்கும் வரும்ல?"

தள்ளுவண்டிக்காரர் பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுத்துப் பழக்கிவைத்த தெரு இது. அக்கா வாயிலேயே பூமி, தண்ணீர், காற்று எல்லாவற்றையும் காப்பாற்றிக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப டப்பாவாவது குடு" என்றார்.

சாயங்காலம் ஒரு அட்டையில் எழுதி மாட்டினேன்: 'பக்கெட் கிடையாது. பக்குவம் உண்டு.'

ஆகஸ்ட் 9

எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "யாரு போட்டது இது?" சட்டையைத் தூக்கிப் பார்க்கிறார்கள், முகர்ந்து பார்க்கிறார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்தி, "செத்தவங்களுது இல்லைல?" என்கிறார்கள். செத்தவர் துணியை வண்ணாரிடம் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் ஆற்றில் விடுவார்கள், எங்கள் கடைக்கு ஏன் வரப்போகிறது என்று அக்கா சத்தியம் செய்கிறாள்.

இதற்கு என்னிடம் மருந்து இருந்தது. ஒவ்வொரு துணிக்கும் ஒரு சீட்டு எழுதி ஊக்கால் குத்தினேன். பழைய பைக் விற்பவன் பேசும் பாஷையில்:

'சிங்கிள் ஓனர். ஞாயிறு மட்டும் ஓடியது.'

'பேங்க் மேனேஜர் வைத்திருந்த சட்டை. ஒரு கீறல் இல்லை. அவர் கையே நீட்டியதில்லை.'

'இந்த பேன்டின் முந்தைய ஓனர் கணக்கில் மூன்று அரியரை ஒரே தடவையில் முடித்தவர்.'

ஆகஸ்ட் 14

அரியர் பேன்ட் விற்றுவிட்டது! பாலிடெக்னிக் பையன்கள் நாலு பேர் வந்து சண்டை போட்டார்கள். "ஃபிசிக்ஸ் பாஸ் பண்ணவரு சட்டை இருக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். "நாளைக்கு வரும்" என்றேன். இன்றே வந்திருக்கும், சீட்டு தீர்ந்துவிட்டது.

அக்கா எல்லாம் பார்த்துவிட்டு, "பொய் சொல்லி விக்காத மாதங்கி" என்றாள். ஆனால் மறுபக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தீபாவளிக்குள் கடை நின்றுவிடும். நல்ல விதமாக.

ஆகஸ்ட் 17

ஆவணி பிறந்தது. அத்தான் போன் செய்தார். அம்மா, "கடைய ஆசையா வச்சுட்டா மாப்ள, தலைதீபாவளிக்கு நீங்களே வந்து..." என்று இழுத்தாள். அத்தான் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்படுவதில்லை. அவ்வளவு மரியாதையான குரல். "நானே வந்து கூட்டிக்கிறேன் அத்தை, அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

அக்கா அதற்குள் ஒரே காலரை மூன்றாவது முறை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 19

கடை மூலையில் கயிறு கட்டி, போர்வையைத் தொங்கவிட்டு ட்ரையல் ரூம் செய்திருக்கிறோம். அக்கா உள்ளே ஒரு கையில்லாத குர்தாவைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். பயமுறுத்தலாம் என்று சட்டென்று போர்வையை விலக்கினேன்.

இனிமேல் விலக்க மாட்டேன்.

வேறு எழுத ஒன்றும் இல்லை. மதியம் கத்தரிக்காய்.

ஆகஸ்ட் 22

கடைக்குப் புதிய சப்ளையர். அய்யாவு அண்ணன் என்று பெயர். டிவிஎஸ் ஃபிஃப்டியில் பெரிய மூட்டையோடு வந்தவர், முன்வாசலுக்கு வராமல் பின்வாசலில் நின்றுகொண்டார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"வெவரம் தெரியும்ல தங்கச்சி? பின்னாடி என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது."

"தெரியும்ணே. நீங்க வைங்க."

மூட்டையைப் பிரித்தால், அடேயப்பா. எல்லாம் சேலை, எல்லாம் புதுசு. மடிப்புக்கூடக் கலையவில்லை. சிலதில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. ஒரே பன்னீர் வாசனை. உதறினால் ரோஜா இதழும் சம்பங்கியும் உதிர்கின்றன. "எந்தக் கல்யாண வீட்டைக் கொள்ளையடிச்சாரு உங்க அண்ணன்?" என்றேன்.

அக்கா எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் முக்கினாள். காய்ந்ததும் இரும்பு பீரோவில் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினாள்.

"இது விக்கிறதுக்கு இல்ல. வெட்டிக் குழந்தைங்களுக்குப் பாவாடையா தெச்சு, ஆன்லைன்ல பெங்களூருக்கு அனுப்பப் போறேன். நீ தொடாத."

புதுச் சேலையை வெட்டிப் பாவாடை தைப்பார்களாம், பழைய சட்டையை ஒட்டுப்போட்டு விற்பார்களாம். படித்தவர்கள் வழியே தனி.

ஆகஸ்ட் 30

இரண்டு நாளாக ஒரு வியாபாரமும் இல்லை. அரியர் பையன்கள் தேர்வில் மறுபடி கவிழ்ந்துவிட்டார்களாம். பேன்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். "பேன்ட் மட்டும் பாஸான ஆளுது. மூளை உன்னுதுதானே?" என்று அனுப்பிவைத்தேன். மாமா தெருமுனையில் நின்று கடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். தினமும்.

செப்டம்பர் 2

அக்கா பார்சல் போடத் தபால் ஆபீஸ் போயிருந்தாள். எதிர்வீட்டு சுகந்தி அக்கா வந்தார்கள். வயிற்றில் ஏழு மாதம். இந்தத் தெருவில் எங்கள் கடைக்கு வந்து மூக்கைப் பொத்தாத ஒரே ஆள்.

"வெள்ளிக்கிழம வளைகாப்புடி. மாமியார் எடுத்த சேலை கண்ணாடிப் பேப்பர் மாதிரி குத்துது. மெத்துன்னு பச்சையில ஏதாச்சும் இருக்கா? பழசுன்னு யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

பீரோச் சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடையில் இருந்த ஒருத்தி பச்சையில் மயில் போட்ட சேலையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பெயர் வேண்டாம். அதில் சீட்டும் குத்தினாள்: 'ஓனரே கிடையாது. ஜீரோ கிலோமீட்டர்.'

சுகந்தி அக்கா கன்னத்தில் வைத்துப் பார்த்து, "எவ்ளோ மெதுவா இருக்கு" என்றார்கள். அபி அக்காவிடம் வளைகாப்பன்று சொல்லி ஆச்சரியப்படுத்தலாம். கடையின் முதல் புடவை வியாபாரம்!

செப்டம்பர் 5

வளைகாப்பு. எழுதிவிடுகிறேன்.

கூடத்தில் நாற்காலி போட்டு சுகந்தி அக்காவை உட்காரவைத்திருந்தார்கள். பச்சைச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், கை நிறைய வளையல். அபி அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று நான் திரும்பினேன். அவள் ஏற்கனவே வெளுத்திருந்தாள்.

மணப்பாறையிலிருந்து சுகந்தி அக்காவின் பெரிய நாத்தனார் வந்திருந்தார். சந்தனம் பூசக் குனிந்தவர் முந்தானையைப் பிடித்துப் பார்த்தார். விடவில்லை.

"இந்தச் சேல எங்க எடுத்த?"

"ஏன் அண்ணி? நல்லா இல்லையா?"

"இதுல ஒரு மயிலுக்குத் தலை இருக்காது. இந்தா, இருக்கா பாரு! நெசவுல விட்டுப்போனது. இது நான் எங்க சின்னத்தைக்குப் போட்ட கோடிடி! பொணத்து மேல நான் போத்துன சேலை!"

யாரோ தாம்பாளத்தைக் கீழே போட்டார்கள்.

"தலையில்லாத மயிலயா சின்னத்தைக்குப் போட்ட?" என்று கூட்டத்தில் ஒரு கிழவி கேட்டாள்.

"போறவளுக்கு மயில் தலை என்னத்துக்கு? தள்ளுபடியில கெடச்சுது!" என்று கத்திவிட்டு அந்த அம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். வேறு நாளாக இருந்தால் இந்த ஒரு வரிக்கு நான் ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

சுகந்தி அக்காவைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் அந்தச் சேலையோடேயே தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். சுகந்தி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார்கள். வளையல்களைக் கழற்றும்போது சில உடைந்தன. யார் கொடுத்தது என்று கேட்டார்கள். சுகந்தி அக்கா சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லை, சீட்டு இன்னும் உள்மடிப்பில் இருந்தது.

செப்டம்பர் 6

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"செத்த வீட்டுல சொந்தக்காரங்க எல்லாம் ஆளுக்கொரு கோடி போத்துவாங்கல்ல, அத்தனையும் எரிக்க மாட்டாங்க மாதங்கி. சிதையில வைக்கிறதுக்கு முன்னாடி உருவிடுவாங்க. அது சுடுகாட்டுல வேல பாக்குறவங்களுக்கு. அய்யாவு அண்ணன் சொல்லித்தான் குடுத்தாரு. ஒருத்தரும் ஒரு நாள்கூட கட்டாத சேலை. குப்பையில கெடக்குறதுக்கு ரெண்டு குழந்தைங்க பாவாடையா போடட்டுமேன்னு நெனச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அதுக்கும் ஒரு சீட்டு எழுதியிருப்ப."

எழுதியிருப்பேன்.

செப்டம்பர் 7

ஷட்டரில் யாரோ சாணி கரைத்து ஊற்றியிருந்தார்கள். கழுவினேன். கொடுத்த துணியை எல்லாம் திருப்பிக் கேட்டு வந்தார்கள். பால்பூத் அம்மா தன்னுடைய நைட்டியை அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டு, பக்கத்துவீட்டாருடையது ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

சுகந்தி அக்கா வாசலில் நின்றிருந்தார்கள். வயிற்றுக்கு ஒன்றுமில்லை, டாக்டர் பார்த்துவிட்டாராம். என்னைப் பார்த்து, உதடு மட்டும் அசைய, "சேலை நல்லாத்தான்டி இருந்துச்சு" என்றார்கள். உள்ளிருந்து மாமியார் கூப்பிட, கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

செப்டம்பர் 8

மாமா. இந்தமுறை வெற்றிலைகூடப் போடவில்லை.

"தெருவுல தல காட்ட முடியல. தீபாவளி வரைக்கும்லாம் கெடையாது. மாப்பிள்ளைக்குச் சொல்லியாச்சு, வியாழக்கெழம வர்றாரு."

"சேலைய வித்தது நான் மாமா. அக்கா இல்ல. தண்டனைய எனக்குக் குடுங்க. என்னைய ஹாஸ்டல்ல போடுங்க."

"வித்தது நீ. வாங்கி வச்சது யாரு?"

"கடை வேணாம், மூடிடுவோம். ஆனா அவ அங்க போகக் கூடாது மாமா. அவ கையைப் பாருங்க. சட்டையத் தூக்கச் சொல்லிப் பாருங்க."

சொல்லிவிட்டேன். டைரியில்கூட எழுதாததைச் சொல்லிவிட்டேன்.

அக்கா ரவிக்கைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். மாமா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அதிர்ச்சி அடைவாள், கத்துவாள், அக்காவைக் கட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

"மாதங்கி, பால் தீந்து போச்சு. போய் வாங்கிட்டு வா" என்றாள் அம்மா.

பால் தீரவில்லை. அடுப்பில் இருந்தது.

செப்டம்பர் 9

என்ன செய்யலாம் என்று எழுதிப் பார்த்தேன். அத்தான் கார் டயரில் காற்றைப் பிடுங்கலாம். அக்காவுக்கு அம்மை என்று வேப்பிலை கட்டலாம். நான் தொலைந்துபோகலாம். எல்லாம் ஒருநாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். என் வித்தை எல்லாம் ஒருநாள் வித்தை என்று இன்றுதான் தெரிகிறது.

"எங்கயாச்சும் ஓடிடுவோமாக்கா?"

"எங்கடி?"

எனக்குத் தெரிந்த ஊர்களை நினைத்துப் பார்த்தேன். எல்லா ஊரிலும் ஒரு மாமா இருந்தார்.

செப்டம்பர் 11

அத்தான் வந்தார். காற்றைப் பிடுங்கினேன். சிரித்துக்கொண்டே ஸ்டெப்னியை மாட்டினார். "விளையாட்டுப் பொண்ணு" என்று மாமாவிடம் சொன்னார். எனக்கு சாக்லேட், அம்மாவுக்கு முட்டை ஒரு அட்டை, அக்காவுக்குப் பெரிய கடைப் பையில் பட்டுச்சேலை. கடை விஷயம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நடந்தது நடந்துபோச்சு, விடுங்க" என்றார். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்!

அக்கா முன்னறையில் கடைசியாக இருந்த சட்டைகளை மடித்து அடுக்கிவிட்டுத்தான் வந்தாள். அவசரமே இல்லாமல் மடித்தாள். பின்சீட்டில் ஏறப் போனாள். அத்தான் முன்கதவைத் திறந்து, "இங்க" என்றார். ஒரே ஒரு வார்த்தை. அவள் உடனே மாறி உட்கார்ந்தாள்.

அம்மா தெருமுனைவரை கை காட்டினாள். நான் காட்டவில்லை.

செப்டம்பர் 13

முன்னறையில் மாமா மறுபடி ஏதோ கடை வைக்கப் போகிறாராம். அலமாரிகளை அளந்தார்.

செப்டம்பர் 16

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன். நீ படிக்கிறியா?"

அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது. அதனால் பேச்சை மாற்றினேன். எங்கள் கணக்கு வாத்தியார் தூக்கத்தில் எழுந்து வகுப்புக்குக் கைலியோடு வந்துவிட்ட கதையைச் சொன்னேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அவளுக்காக அப்போதே கட்டியது. வாட்ச்மேன் குரல், ஹெட்மாஸ்டர் குரல் எல்லாம் போட்டு, இருந்த சரக்கை எல்லாம் இறக்கினேன். அவள் சிரித்துவிட்டால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

கதை முடிந்தது. போனில் சிரிப்பு கேட்டது. வயிறு குலுங்குகிற, மரியாதையான, நல்ல சிரிப்பு.

"சூப்பர் மாதங்கி" என்றார் அத்தான். "டெய்லி கூப்பிட்டு இப்படி ஒண்ணு சொல்லு. எங்களுக்கும் பொழுதுபோகும்."

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் சிரித்திருந்தால் இரண்டும் கேட்டிருக்கும்.